ஜட்ஜ் ஐயா பால் ஊற்றிய குழி

கார் திகாம் பத்து ஊரைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தாண்டியாயிற்று. சரி, பீடோங் சந்தை சிக்னலில் கார் நிற்கும்போது சொல்லலாம் என்றால், அன்றைக்கென்று பச்சை விளக்கு. முப்பத்தோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பச்சை விளக்கு போதாதா, சாக்குச் சொல்ல? பக்கத்து இருக்கையில் பரஞ்சோதி ஐயா வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் வழக்கம்போல ஒரு ஃபைல். அதில் அவருடைய அம்மா பிச்சையம்மாளின் இறப்புச் சான்றிதழ். அம்மாவின் எலும்புகளை எடுத்து, எரித்து, கோலா கெடா கடலில் கரைப்பதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம். அம்மாவைப் புதைத்திருந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். இடுகாட்டில் சொந்தக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவரவர் ஆட்களை எடுத்துக்கொள்ள வேண்டும், மிச்சம் கிடப்பதை இயந்திரம் தள்ளிவிடும் என்று நோட்டீஸ். அன்று வியாழக்கிழமை.

ஐயாவின் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா முகம் பார்த்ததில்லை. அம்மா ரப்பர் பால்மரம் வெட்டிப் படிக்கவைத்தார். லண்டனில் சட்டம் படித்து வந்து மாஜிஸ்திரேட், பிறகு செஷன்ஸ் கோர்ட் நீதிபதி. எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். பத்தொன்பது வருஷம் நான் அவருடைய கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். அவருக்குத் தமிழ் தெரியாதா என்ன? ஆனாலும் சாட்சி தமிழில் சொல்வதை நான் கோர்ட் மொழியான மலாயில் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொடுவார். முறை என்றால் முறை. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எழுத்துல இருக்கா?" லஞ்சம், சிபாரிசு எதுவும் அவரிடம் நடக்காது. அதனாலேயே அவரைக் கண்டால் எங்களுக்கெல்லாம் உதறல்.

காளிதாசன் அண்ணன் அந்தத் தோட்டத்தில் குழி வெட்டுபவர். தோட்டத்து வேலையை விட்ட பிறகும் லயத்து வீட்டைக் காலி செய்யவில்லை என்று நிர்வாகம் வழக்குப் போட்டது. கிழட்டு மேனேஜர் ஒருவர், சாகும்வரை இருந்துகொள் என்று வாயால் சொன்னாராம். "எழுத்துல இருக்கா?" இல்லை. பதினான்கு நாளில் வீடு போயிற்று. குழி வெட்ட மட்டும் அவரையே கூப்பிட்டார்கள். தீர்ப்பை அவருக்குத் தமிழில் சொன்ன வாய் என்னுடையது.

அதற்கு மறு வருஷம் பிச்சையம்மாள் செத்துப்போனார். ஐயா லங்காவித் தீவில் கோர்ட் அமர்வில் இருந்தார். கடல் கொந்தளித்து ஃபெரி நின்றுவிட்டது. பிணம் காத்திருக்குமா? ஒரே மகன் இல்லாமலே அடக்கம் முடிந்தது. மூன்றாம் நாள் பால் தெளிக்கத்தான் வந்து சேர்ந்தார், நானும் கூட வந்தேன். அந்த வாரம் தோட்டத்தில் இரண்டு சாவு. இன்னொருவர் அப்பளசாமி மண்டோர். வேலையாட்களை மேய்த்தே வயதாகிப்போன ஒண்டிக்கட்டை. இடுகாட்டில் இரண்டு புது மண்மேடுகள். ஐயா யாரையும் கேட்கவில்லை. பால் செம்போடு விறுவிறுவென்று நடந்து, மேட்டுப் பக்கம் பெரிய மாலை கிடந்த குழியின் முன்னால் விழுந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காளிதாசன் அண்ணன் என் காதருகே வந்தார். "தம்பி, அது மண்டோர் குழி. அம்மா கீழ ஓரத்துல இருக்கு. நான் சொன்னா ஐயா எடுத்துக்குவாரா? நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. கூட்டத்தில் யாருமே சொல்லவில்லை. ஜட்ஜைப் பார்த்து, நீங்கள் அழுவது தப்பான குழி என்று எவன் சொல்வான்? நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த மாதமே அங்கே பளிங்குக் கல் நட்டுவிட்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அப்பளசாமிக்குப் பாலும் மாலையும்தான். மண்டோருக்கு அடிச்சது யோகம் என்று தோட்டத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

இடுகாட்டில் யோகேந்திரன் என்ற, தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் மேற்பார்வையாளர், கையெழுத்து வாங்கும் ஃபாரத்தோடு நின்றிருந்தார். பளிங்குக் கல்லைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். காளிதாசன் அண்ணன் மண்வெட்டியை ஊன்றியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதில், ஆளே பாதியாகியிருந்தார்.

"சார்," என்றேன். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. "காளிதாசா, லோகேஸ்வரன் சொல்றது உண்மையா?"

"ஆமாங்கய்யா. ரெண்டு குழியும் நான்தான் வெட்டுனேன்."

பழக்கதோஷம், மலாயில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஐயா கையை உயர்த்தி நிறுத்தினார். அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எங்கம்மா எங்க?"

அண்ணன் கீழ் ஓரத்தைக் காட்டினார். அங்கே இடுகாடே இல்லை. எண்ணெய்ப்பனை வரிசை வரிசையாக நின்றது. ரப்பரை அழித்துப் பனை நட்டபோது, கல் இல்லாத குழிகளை வெறும் நிலம் என்று சேர்த்துக்கொண்டார்கள். கல் இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல் அங்கே இருந்திருக்கும்.

"எந்த மரம்?"

அண்ணன் இறங்கிப் போனார். ஒரு மரத்தடியில் நின்றார், தலையை ஆட்டினார், அடுத்ததற்குப் போனார். ஏழெட்டு மரம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு ஏறி வந்தார். "தெரியலைங்கய்யா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

யோகேந்திரன் சங்கடத்தோடு நெளிந்தார். "சாரி லா ஐயா. அந்தப் பக்கம் எங்க லிஸ்ட்லயே இல்ல. இந்தக் குழியும், செத்தவரோட சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டா மட்டும்தான் தோண்ட முடியும். இல்லன்னா நாளைக்கு மெஷின் வந்துரும்."

"அப்பளசாமிக்கு யாரும் இல்ல," என்றார் காளிதாசன் அண்ணன்.

ஐயா பனைகளைப் பார்த்தபடி நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு யோகேந்திரனிடம் கை நீட்டி ஃபாரத்தை வாங்கினார். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அப்பளசாமி என்று எழுதினார். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டதற்காக எத்தனை பேரை அவர் உள்ளே அனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் நான்தானே தமிழில் சொன்னேன்.

'மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தோண்டு காளிதாசா. பாத்து, மெதுவா."

மண் சரசரவென்று சரிந்தது. ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியின் விளிம்பில் குந்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளிலும் விரித்து, உள்ளே நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.