வரிசையில் நிற்காத மூத்த மருமகள்

செவ்வாய்க்கிழமை முத்துலட்சுமிக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அந்த வீட்டில் யாரும் அதிகம் வியக்கவில்லை. குழந்தை யார் ஜாடை என்றுதான் பேச்சு நடந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பொங்கல் விடுமுறையில் குடும்பம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தது. வரிசையில் நிற்காமல் நேரே ராட்டினம் ஏற அங்கே மஞ்சள் கைப்பட்டை விற்றார்கள். நுழைவுச் சீட்டைவிட அதன் விலை அதிகம். மாமியார் யோசித்து ஒன்றே ஒன்று வாங்கினார். அந்த வீட்டில் புதுப்புடவையானாலும் முதல் கரண்டிச் சோறானாலும் மூத்தவளுக்குத்தான் முதலில். பட்டையும் மூத்த மருமகள் முத்துலட்சுமியின் கைக்குப் போனது. இளைய மருமகள் மதுமதி வெயிலில் நின்றாள். அவள் ஒரு ராட்டினத்தை எட்டுவதற்குள் முத்துலட்சுமி எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீமோடு வந்து நின்றாள். "இன்னும் அங்கேயேதான் நிக்கியா மது?" என்றாள். அந்தக் கேள்வி மதுமதியின் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் பட்டை கழலவில்லை. கத்தரிக்கோல்தான் மழுங்கியது. மறுநாளிலிருந்து முத்துலட்சுமி வைத்த பால் வைத்ததும் பொங்கியது, போட்ட ஊறுகாய் அன்றே ஊறியது. ரேஷன் கடையிலும் கபாலி கோயிலிலும் கூட்டம் தானாக விலகியது. கொடுத்த காசுக்குத் தகும் என்று தெரு தீர்ப்புச் சொன்னது. காஸ் பதிவு செய்ய அவளிடமே போனை நீட்டியது. மதுமதிக்கு மட்டும் வயிறு எரிந்தது. குழந்தைக்காக ஆறு வருஷமாக அவள் அடையாறில் ஒரு டாக்டரிடம் டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தாள். அப்படிக் காத்திருந்துவிட்டு அந்த வெள்ளிக்கிழமை வீடு திரும்பியபோதுதான் கூடத்தில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைக்குக் கயல் என்று பெயர். பெயர் வைத்த அன்றே நடந்தாள். ஆடித் தள்ளுபடிக்குள் பள்ளிப் படிப்பு முடிந்தது. இடையில் அவளுக்குப் பால்பல் விழுந்ததை முத்துலட்சுமி பார்க்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் கயல் நந்தனத்துக் கல்லூரிக்குப் போனாள், தை மாதம் ஒரு காலையில் கல்யாணம் முடித்து மாப்பிள்ளையோடு மாடியிலேயே குடிவந்தாள்.

அதே ஐப்பசியில் மதுமதி உண்டானாள். எல்லோருக்கும் ஆவதுபோல, மெதுவாக. முத்துலட்சுமி தினமும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அசையுதா மது?"

"இன்னும் இல்லக்கா."

"எனக்கு எப்ப அசைஞ்சுதுன்னே தெரியல. புதன்கிழமை சீரியல் பாக்கும்போது இருக்கும்." மதுமதியின் டோக்கனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அந்த டாக்டர்கிட்ட நானும் ஒருநாள் வரட்டா? சும்மா நாற்காலியில உக்காந்திருக்கேன்."

"நீங்க வந்தா டோக்கன் ஓடிரும்க்கா. வேண்டாம்."

மூத்தவளிடம் மதுமதி முதன்முதலாக மறுத்துப் பேசினாள். முத்துலட்சுமி அவள் வயிற்றைப் பார்த்த பார்வை மதுமதிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அன்று ராத்திரி மதுமதி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. முத்துலட்சுமிக்கு அது நடந்திருக்கவில்லை. வளையல் வாங்கக்கூட அப்போது நேரமில்லை. வழக்கப்படி மாமியார் வளையல் போட்டபின் மூத்த மருமகள்தான் முன்னால் வர வேண்டும். பெண்கள் வழிவிட்டார்கள். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். "மூத்தவ முதல்ல போடட்டும். கயல், நீ வா." கயலுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அம்மாவைவிட மூத்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

முத்துலட்சுமி மகளின் பின்னால் நின்றாள். கயல் கண்ணாடி வளையல்களை எடுத்தாள்.

"இன்னும் அங்கேயேதான் நிக்கீங்களாக்கா?" என்றாள் மதுமதி.

"ஆமா மது," என்றாள் முத்துலட்சுமி. கயலின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாப் போடும்மா. அவசரமில்ல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் முதல் கரண்டிச் சோறு கயலுக்கு.