செயற்கைக்கோள் அப்பா

அலமாரி நிறைய விருதுகள். எந்த நாட்டில் சண்டை மூண்டாலும் அங்கிருந்து முதலில் டிவியில் தெரிவது அவர் முகம்தான். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் குரல் பிசகாத மனுஷன், வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை பேச உயிரை வாங்குவார்.

குற்றம் அவருடையதல்ல, போர்முனை நிருபர் தொழிலுடையது. ஸ்டூடியோவில் கேட்கும் கேள்வி செயற்கைக்கோள் வழியாக மெதுவாகத்தான் அவர் காதுக்கு வந்து சேரும். அவசரப்பட்டு வாயைத் திறந்தால் இரண்டு குரலும் முட்டிக்கொள்ளும். அதனால் தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்சம் பொறுத்துத்தான் பேசுவார். வருஷக்கணக்காக ஆடிய தலை, வீட்டுக்கு வந்ததும் நின்றுவிடுமா? "காபி வேணுமா?" என்றாலும் ஆடும். மனைவி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு "வேணும்" என்று வரும். 'செயற்கைக்கோள்' என்றே அவள் பெயர் வைத்துவிட்டாள்.

அன்று காலை எங்கோ புதுச் சண்டை. செய்தி ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "உடனே கிளம்பணும். வீட்ல கேட்டுச் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்."

அவர் போனைத் துண்டிக்காமல் ஸ்பீக்கரிலேயே மேசைமேல் வைத்தார். போவதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை மகளின் பள்ளி நாடகம். இதுவரை அவள் நடித்த ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

மகள் எதிரே வந்து நின்றாள். "இந்தத் தடவையும் கிளம்பிடுவீங்களாப்பா?"

பாழாய்ப்போன தலை! மேலும் கீழுமாகச் சாவகாசமாக ஆடியது.

மகளுடைய முகம் சுருங்கிப்போயிற்று. அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போகலம்மா" என்று அவர் சொன்னது சாத்திய கதவிடம்தான். உள்ளே விசும்பல் கேட்டது.

"கதவத் தட்டி ஒண்ணும் ஆகாது," என்று மனைவி தன் போனை நீட்டினாள். "அவளுக்கு உங்களப் பழக்கமே வீடியோ கால்லதான். போடுங்க."

போட்டார். திரையில் அழுது சிவந்த முகம். அம்மா என்று நினைத்து எடுத்தவள், அப்பாவைக் கண்டதும் மூக்கை உறிஞ்சினாள்.

"இந்தத் தடவையும் கிளம்பி..."

"போகமாட்டேன்!"

"கேள்விய முடிக்க விடுங்கப்பா!"

"போகமாட்டேன்! போகமாட்டேன்! போகவே மாட்டேன்!"

வாழ்நாளில் முதல்முறையாக அவர் குறுக்கே பேசினார். குரல் போனிலும் கதவு வழியாகவும் சேர்ந்து போய் வீடே அதிர்ந்தது.

"சரி சார், காது கிழியுது," என்றார் மேசைமேல் இருந்த ஆசிரியர். "வேற ஆளப் பாத்துக்கறேன்."

கதவு திறந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"திரும்ப ஒரு தடவ கேக்கறேன். இதே மாதிரி குறுக்க விழுந்து சொல்லுங்க."