இரும்பு லோரியின் கொண்டி

என் வீட்டுக்காரர் உமாபதியிடம் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. பட்டாள வண்டிப் பொம்மைகள் இருந்தன. ரவாங் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை முடிந்து ராசா ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து குளித்தாரோ இல்லையோ, சாப்பாட்டு மேசைமேல் பழைய பேப்பரை விரித்துவிடுவார். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை வைத்து, சாயம் பூசி, ஒரு சாண் நீளத்துக்கு டாங்கியோ ஜீப்போ ஆக்குவார். பசை நாற்றத்தில் நான் வைக்கிற ரசம்கூட மணக்காது. ஜீப்புகள் மேசையில் இருந்தன. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அவர் ஆரம்பித்த லோரிப் பொம்மை, கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியோடு சண்டை போட்ட காலத்தில், கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஓடிய இரும்பு லோரியின் நகல் அது. பட்டாளம் கழித்துப்போட்ட லோரிக்குச் சுற்றிலும் இரும்புத் தகடு அடித்துத் தோட்டக் காவலுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டியவர் என் மாமனார் முருகையா. ஒரு மழை நாளில் லோரியோடு போனவர் திரும்பவில்லை. பின்னால் உட்கார்ந்து போன மண்டோர், அதாவது கங்காணி, நாராயணசாமி மட்டும் குண்டடிபட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வாசல்வரை தட்டுத்தடுமாறி வந்து விழுந்தார். "முருகையா உள்ளே போயிட்டான்" என்றாராம். அதோடு அவர் உயிரும் போய்விட்டது.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் 'உள்ளே' என்றால் ஒரே அர்த்தம்தான். காடு. உள்ளே போனவன் என்றால் துப்பாக்கிக்காரர்களோடு போய்ச் சேர்ந்தவன். லோரியும் கிடைக்காததால், அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். என் மாமியார் காளியம்மாவையும், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் கணவரையும் லயத்தைவிட்டு விரட்டினார்கள். புக்கிட் பெலிம்பிங் என்ற ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் வைத்து அத்தை தன் மகனை வளர்த்தார். 'உள்ளே போனவன் பெண்டாட்டி' என்ற பெயர் அங்கேயும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

அத்தை பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஆசையினால் இல்லை, ஆத்திரத்தினால். "செத்துட்டாருன்னா அழலாம். விட்டுட்டு ஓடுனவருக்கு எப்படிம்மா அழுவுறது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். செத்தாரா, ஓடினாரா என்பது தெரியாமலே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. என் கணவருக்கு அந்தச் சந்தேகம்கூடக் கிடையாது. அப்பா என்ற சொல் அவர் வாயில் வராது. "அந்த ஆளு" என்பார்.

"பொறவு எதுக்குங்க அந்த ஆளோட லோரி?" என்று கேட்டேன்.

"லோரி என்னா பாவம் பண்ணுச்சு?" என்றார்.

ஐஸ்கிரீம் டப்பா மூடிகளை வெட்டித் தகடு ஆக்கினார். ஊசி முனையில் பசையைத் தொட்டு வைத்து வைத்து ஆணித்தலைகள் செய்தார். செங்கல்லைப் பொடித்துத் துரு பூசினார். பார்த்தால் கையில் துரு ஒட்டும் என்றே தோன்றியது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓட்டுகிறவர் இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

"ஆளை உக்கார வைக்கலையா?"

"அதான் எறங்கி ஓடிட்டாருல்ல. பொம்மை எதுக்கு?"

அதுவரை அந்தப் பக்கமே வராத அத்தை, சாயம் காய்ந்த அன்று மேசையருகே வந்து குனிந்து பார்த்தார். 

"கதவுக் கொண்டி எங்கடா?"

"உள்பக்கம் இருக்கும்மா."

"வெளியில போடு. கதவு கனம். உள்ளேருந்து இழுத்தா சேராது. மண்டோர்தான் வெளியிலேருந்து கொண்டிய மாட்டிட்டுப் பின்னால ஏறுவாரு. தெனம் பாத்திருக்கேன்."

என் கணவர் ஃபியூஸ் கம்பியை வளைத்துக் குட்டிக் கொண்டி ஒன்று செய்தார். கதவைச் சாத்தி, இடுக்கியால் அதை வெளியிலிருந்து மாட்டினார்.

மறுநாள் காலை லோரிக்கு அடியில் ஈரம். கூரை ஒழுகுகிறது என்று மேலே பார்த்தேன். காய்ந்து கிடந்தது. துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடி ஊறியது. பால் குறைந்த தேநீர் நிறத்தில் தண்ணீர், சேறும் இரும்பும் கலந்த வாடை. இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். ஈயம் தோண்டிய பள்ளங்களில் தேங்கிக் கிடக்கும் பழைய ஈயக் குட்டைத் தண்ணீர்.

"லோரிய வெளியில கொண்டுபோய்க் கழுவுறீங்களா?" என்று சண்டை பிடித்தேன்.

"சாயம் பூசுனதை யாராச்சும் கழுவுவாங்களா? பைத்தியமாலா உனக்கு?"

கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அலமாரித் தட்டும் நனைந்தது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. ஓட்டுகிறவர் எட்டிப் பார்ப்பதற்கு முன்தகட்டில் ஒரு கீறல் விட்டு, உள்ளே கண்ணாடிபோல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார். அந்தக் கீறல் மங்கும், தெளியும், திரும்ப மங்கும். உள்ளேயிருந்து யாரோ மூச்சு விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தூக்கி எறியுங்கள் என்று கெஞ்சினேன். பசை காயவில்லை, சூட்டுக்கு வியர்க்கிறது என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். டொக், டொக் என்று கேட்டது. பல்லி என்று விட்டுவிட்டேன். அடுப்பை அணைத்த பிறகும் கேட்டது. கூடத்துக்கு வந்தால், துணி துவைத்த ஈரக் கையோடு அத்தை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒனக்கும் கேக்குதா, தங்கமணி?"

"கேக்குதுங்க அத்தை."

என் கணவர் லோரியை எடுத்து மேசையில் வைத்தார். தட்டும் சத்தம் கதவுப் பக்கமிருந்து வந்தது. அவசரம் இல்லாத, களைத்துப்போன தட்டல். கொண்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அம்மா, கொண்டி வெளியிலதான் இருந்துச்சுன்னா, அப்பா எப்படி எறங்குனாரு?"

அப்பா என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

"மண்டோர் தொறந்து விட்டிருப்பாரு..." என்று ஆரம்பித்த அத்தை பாதியில் நின்றார். "இல்ல. தொறந்து விட்டிருந்தா, எறங்கி ஓடிட்டான்னுல்ல சொல்லியிருப்பாரு. அப்படிச் சொல்லலையே. உள்ளே போயிட்டான்னுதானே சொன்னாரு."

"அந்த ரோட்டுல குட்டை இருந்துச்சாம்மா?"

"ரோட்டோரம் பூராவும் ஈயக் குட்டைதான்டா." அத்தை லோரியை நோக்கிக் குனிந்தார். "ஐயோ, காட்டுக்குள்ள இல்லடா. தண்ணிக்குள்ள. லோரியோட தண்ணிக்குள்ள போயிட்டான்னு சொல்லத்தான் அந்த மனுசன் உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டு வந்திருக்காரு. நாங்க பாவிங்க, காடுன்னு நெனைச்சுட்டோம்."

தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

"தொறந்து விடுடா!" என்று அத்தை கத்தினார்.

என் கணவரின் விரல்களுக்குக் கொண்டி பிடிபடவில்லை. என் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கை எடுத்து நான்தான் நெம்பினேன். கதவு தானாகத் திறந்தது. தண்ணீர் வந்தது. ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீர்கூட அந்த லோரிக்குள் அடங்காது. மேசை நிறைந்து, நாற்காலிகளில் வழிந்து, கூடம் முழுக்கப் பரவி, வாசற்படி தாண்டி முற்றத்து வெயிலில் ஓடியது. உச்சிவெயில் நேரத்தில் என் பாதங்கள் விறைத்துப்போகிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். பிறகு நின்றுவிட்டது. குனிந்து உள்ளே பார்த்தேன். காலி இருக்கை மட்டும்தான் இருந்தது.

அத்தை அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று மாமனார் பேரைச் சொல்லிச் சொல்லி, ஒப்பாரி வைத்து அழுதார். என் கணவர் அவரைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளையாய்த் தேம்பினார். எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, நானும் அழுதேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஓடி வந்தார். "ஐயோ, என்னாச்சுலா? யாரு செத்தது?"

அத்தை தலையை நிமிர்த்தினார். "என் வீட்டுக்காரரு."

லெட்சுமி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கம்மா?"

"வேலைக்குப் போன எடத்துல" என்றார் அத்தை.