டுரியான் காலத்துச் சாலை

பாலேக் புலாவிலிருந்து மலைப் பக்கம் பிரியும் சாலையின் கடைசியில் இருக்கிறது பாரிட் லாமா கம்பம், ஒரு சின்னக் கிராமம். உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த ஒரே சாலைதான். எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று புல்லில் இறங்கி வழிவிட வேண்டும். டுரியான் பழக் காலம் வந்துவிட்டால் சனி ஞாயிறுகளில் ஜார்ஜ்டவுன்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள். யுகேந்திரனின் பழக்கடையிலிருந்து வளைவு வரைக்கும் சாலையின் இரண்டு ஓரமும் காரை நிறுத்திவிட்டுப் பழம் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் லோரி ஓட்டுநர் வாசுவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்புலன்ஸ் சாலைமுனைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அதற்கு மேல் நுழைய முடியவில்லை. பக்கத்து வீட்டு மோகனா கடைக்கு ஓடி, மேசை மேசையாகப் போய்க் காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். கை கழுவிவிட்டு வருகிறோம் என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி ஆட்கள் தள்ளுகட்டிலைக் கார்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு வந்தார்கள். வாசு பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

மோகனா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். ஒரு வேலை தப்பாக நடக்கிறது என்று தெரிந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. அக்கம்பக்கத்தில் சிலரைச் சேர்த்து ஒரு தொண்டர் குழு அமைத்தாள். மறுவாரமே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலைமுனையில் நின்று, வருகிற கார்களைப் பெரிய ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து போகச் சொன்னார்கள். வெயிலில் நடக்க விரும்பாதவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அன்று மதியமே யுகேந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்து அவள் காலடியில் பிரேக் போட்டான்.

“யாரைக் கேட்டு இங்க நிக்கிறீங்க, அக்கா?”

அம்புலன்ஸ் நுழைய முடியாமல் நின்றதை அவள் எடுத்துச் சொன்னாள். அவன் காது கொடுக்கவில்லை. வருஷத்தில் இரண்டு மாதம்தான் தனக்குப் பிழைப்பு, அதில் மண் போட வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று மோகனாவுக்குப் பட்டது. அதனால் வேறு வழி யோசித்தாள். கம்பத்துக்கு வெளியே, சாலைமுனையை ஒட்டித் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. வார இறுதியில் அதன் திடல் காலியாகக் கிடக்கும். கார்களை அங்கே நிறுத்தச் சொல்லி, ஒரு வேனில் ஆட்களைக் கடைக்கு ஏற்றி விடலாம். கையால் ஒரு வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு கம்பத்து நிர்வாகக் குழுத் தலைவர் ஷேக் அலாவுதீனிடம் போனாள். அவர் எந்தப் பக்கமும் கெட்ட பெயர் எடுக்க விரும்பாத மனிதர். பழக் காலம் முடியட்டுமே என்றார். அவள் விடாமல் நச்சரித்ததால் பாலாய் ராயா என்கிற பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு யுகேந்திரன் பழம் பொறுக்குகிறவர்கள், தோட்டக்காரர்கள், கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் கூட்டி வந்திருந்தான். மோகனா வரைபடத்தைச் சுவரில் ஒட்டிப் பேசத் தொடங்கியதும் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. ஃபேக்டரி மேனேஜர் கம்பத்தையும் மேனேஜ் பண்ண வந்துட்டாங்க என்று ஒருவன் சொன்னான். அவள் காதில் வாங்காமல் பேசி முடித்தாள். வாசு அண்ணனுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றாள்.

அப்போது வாசுவின் மனைவி நல்லம்மாள் எழுந்தாள்.

“எங்க வீட்டு ஆளை வச்சி யாரும் பேச வேணாம்” என்றாள். “அவருக்கு வந்த நோய் வந்துச்சி. ரோட்டுல காடி நின்னதால ஒண்ணும் ஆகல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, வழி விடுங்கடா என்று அலறியவள் இதே நல்லம்மாள்தான். ஆனால் வாசு படுத்த பிறகு அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம், யுகேந்திரன் கடையில் அவள் மகன் வேலை செய்து வாங்குவது. இது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அலாவுதீன் கை தூக்கச் சொன்னார். திட்டம் தோற்றது.

மறுநாள் விடியற்காலை மோகனா ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், கேட்டை மறைத்துக்கொண்டு முள் முள்ளான டுரியான் தோல் மலையாகக் குவிந்து கிடந்தது. மண்வெட்டியால் ஒதுக்கி வழி பண்ணுவதற்குள் பஸ் போய்விட்டது. முள் குத்தி இரண்டு கையிலும் ரத்தம். குழுவில் இருந்தவர்கள் அன்று சாயங்காலமே ஒவ்வொருவராக வந்து மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி மட்டும் மன்னிப்புக் கேட்டாள். மற்றவர்கள் வேலியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

மோகனா பொறுத்துப் போகிற ரகமில்லை. அழுகத் தொடங்கியிருந்த தோலையெல்லாம் கோணியில் அள்ளி, சனிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்தில் தள்ளுவண்டியில் கொண்டுபோய் யுகேந்திரன் கடை வாசலில் கொட்டினாள். ஈ மொய்த்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். யுகேந்திரன் பழம் வெட்டுகிற கத்தியோடு வெளியே வந்தான்.

“பொம்பளைன்னு பாக்கறேன்.”

“பாக்க வேணாம்” என்றாள் மோகனா. “உன் கடையிலயே ஒருத்தன் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்தா எந்த வழியா தூக்கிட்டுப் போவ? அதைச் சொல்லு.”

“விழட்டும், அப்ப பாக்கலாம்லா. நீங்க முதல்ல எடத்தைக் காலி பண்ணுங்க.”

அந்தப் பதில்தான் அவளைக் கிளப்பிவிட்டது. திங்கட்கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்குப் போனாள். சாலை அடைபட்டுக் கிடக்கும் படங்களைக் காட்டி மாநகர மன்ற அதிகாரிகளிடம் புகார் கொடுத்தாள். இதனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வாரக் கடைசியில் அமலாக்க ஆட்கள் வந்து ஓரத்தில் நின்ற அத்தனை காருக்கும் அபராதச் சம்மன் வைத்தார்கள். செய்தி கைப்பேசியில் பரவி, அடுத்த நாள் கம்பத்துக்கு ஒரு காரும் வரவில்லை. பொறுக்கிய பழம் கூடை கூடையாக வெடித்து வீணானது. யுகேந்திரனுக்கு மட்டுமல்ல, இரண்டு மரம் வைத்திருந்த ஏழைகளுக்கும் அதே கதிதான். மளிகைக் கடையில் மோகனா நுழைந்தால் பேச்சு நின்றது. கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். புக்கிட் தெங்காவில் தங்கி வேலை செய்யும் அவள் கணவன்கூட, ஊரைப் பகைத்துக்கொண்டு எப்படிக் குடியிருப்பது என்று போனில் சத்தம் போட்டான்.

அதற்கடுத்த சனிக்கிழமை பள்ளித் திடலின் கேட்டில் பெரிய பேனர் தொங்கியது. இலவச வாகன நிறுத்துமிடம், ஏற்பாடு யுகேந்திரன் பழக்கடை என்று எழுதியிருந்தது. கீழே நிர்வாகக் குழுவின் பெயர். புதுச் சட்டை போட்ட பையன்கள் விசில் ஊதிக் கார்களை உள்ளே விட்டார்கள். ஒரு வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அலாவுதீன் நாடா வெட்டிக் கை தட்டினார். மோகனாவை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் போனாள். திடலில் வண்டிகள் நுழையும் வழியும் வெளியேறும் வழியும் வேன் நிற்கும் இடமும் அவள் வரைந்திருந்தபடியே இருந்தன.

“இது என் ப்ளான்” என்றாள் யுகேந்திரனிடம்.

“உங்க ப்ளான் மீட்டிங்லயே செத்துப் போச்சி, அக்கா. சம்மன்காரனைக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் நீங்க பண்ணது. அதைக் கம்பத்துல யாரும் மறக்க மாட்டாங்க.”

“மறக்க வேணாம். ரோட்டைக் காலியா வச்சிருங்க, போதும்.”

அவன் காறித் துப்பிவிட்டு வேன் பக்கம் போனான். அவள் வீட்டுக்கு நடந்தாள். இரண்டு ஓரமும் புல் மட்டும் தெரிய, சாலை அகலமாகக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். நெஞ்சு முழுக்க எரிச்சல்தான் இருந்தது.

சாயங்காலம் நல்லம்மாள் வாசலில் வாசுவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் பாதி வழிந்தது. மோகனா வேலியோரம் போய் நின்றாள். கூட்டத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

“ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க அன்னைக்கி?”

நல்லம்மாள் கணவரின் வாயைத் துடைத்துவிட்டாள். “என் மகனுக்கு வேலை போயிருந்தா நீ சோறு போட்டிருப்பியா?”

“அம்புலன்ஸ் நேரத்துக்கு உள்ள வந்திருந்தா அண்ணனுக்குக் கையாச்சும்...”

“தெரியும்” என்றாள் நல்லம்மாள். “எனக்குத் தெரியாதா? உன்னைப் பாக்கறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வருது. அதான் உன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல. போ.”

வாசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லம்மாள் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விசில் ஊதும் பையன்கள் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு கார்கள் திடலுக்குப் போகாமல் நேரே வந்து வளைவில் நின்றன. மோகனா வெளியே போய்க் கண்ணாடியைத் தட்டி, எடுக்கச் சொன்னாள். யாரம்மா நீ என்று கேட்டான் ஓட்டியவன். இங்கே குடியிருக்கிறவள் என்றாள். கார்கள் இரண்டும் பின்வாங்கித் திரும்பிச் சாலைமுனையைத் தாண்டிப் போகும்வரை அங்கேயே நின்றாள்.