சோக் குமிழில் நாலு முடிச்சு

கார் புகையை அளக்கிற மீட்டரில் எண் ஆறு புள்ளி எட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலரைக்குள் இருந்தால்தான் பாஸ். காலையில் ஏழு, இப்போது ஆறு புள்ளி எட்டு.

“மன்னிக்கணும் ஐயா, இன்னைக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓட்டிட்டு வரலாம். மூணே முக்காலுக்கு வரிசையை மூடிடுவோம்” என்றான் வாகனச் சோதனை நிலையத்து ஆள். சொல்லிவிட்டு ஒரு கும்பிடு வேறு. அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எய்கிச்சிக்கு இன்னும் எரிந்தது.

“மெஷின் கோளாறு” என்றான் எய்கிச்சி. “ராத்திரி கழட்டி ராத்திரியே மாட்டின கார்புரேட்டர் இது. இதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

அந்த ஆள் இன்னொரு கும்பிடு போட்டான்.

உனக்கு என்ன தெரியும் என்பது எய்கிச்சியின் வாயில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிற வார்த்தை. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்த காலத்தில் வாடிக்கையாளர்களிடம் சொன்னான். மூடிய பிறகு தபால்காரனிடம் சொல்கிறான். டாக்டரிடமே ஒருதரம் சொல்லி, மாத்திரைச் சீட்டு இல்லாமல் வீட்டுக்கு வந்தவன். வேலை சுத்தமாகச் செய்கிறவன்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதை அவனே நாளைக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்தவன் எப்போது சொல்வது?

காரை வெளியே நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்தான். ஷோவா நாற்பத்தேழில், அதாவது 1972இல், வாங்கிய கார். அக்கா தொமியே வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒயாகிப் பொட்டலம். கீரை வைத்து ஆவியில் வெந்த மாவு உருண்டை, காலையில் சூடாக இருந்தது, இப்போது கல்.

“என்னடா ஆச்சு?”

“ஆகும் ஆகும். அவசரப்படாதே.”

“நான் அவசரப்படலை. சொன்னதுதான். இன்னைக்குப் பாஸ் ஆகலேன்னா இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துட்டு, சிபாவுல மகன் வீட்டோட போய் இருந்துடறேன். அவனும் ரெண்டு வருஷமா கூப்பிடறான். எழுபத்தொண்ணு ஆச்சு எனக்கு.”

அவள் எப்போதும் இப்படித்தான், மழை வரும்போல இருக்கு என்கிற குரலில் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தக் காரைத்தான் ஓட்டிக்கொண்டு மலைச்சரிவு ஏறி எய்கிச்சி வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அந்தச் சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? தபால்காரனா?

வாய்விட்டு அதைச் சொன்னானா? சொல்லுவானா அவன்! “சிபாவுல கார் நிறுத்த இடம் கிடையாது, உனக்கு என்ன தெரியும்” என்றான்.

கார் புகைக்குழாய் முனையில் கரி அப்பியிருந்தது. நிறுத்தின பிறகும் பெட்ரோல் நாற்றம் குமட்டியது. எஞ்சின் சூடாக ஆகத் தள்ளாடியது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, காற்று போதவில்லை என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எதனால் என்பதுதான் கேள்வி. ராத்திரி கார்புரேட்டர் மிதவையை ஒரு மில்லிமீட்டர் இறக்கிவிட்டான். ஊசி வால்வைப் புதுசு மாற்றினான். காலையில் தோற்ற பிறகு பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டை ஒரு அளவு சின்னதாகப் போட்டான். பிளக் நாலையும் சுரண்டினான். காற்று வடிகட்டி புதுசு. கலவை ஸ்க்ரூவை இதற்கு மேல் உள்ளே திருக வழியில்லை. இவ்வளவும் செய்து குறைந்தது புள்ளி இரண்டு.

“எதிர்ல அந்தக் கடைக்காரம்மாகிட்ட காட்டலாமே” என்றாள் தொமியே.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. சோதனைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே ஹெட்லைட்டும் புகையும் பார்த்துக்கொண்டு போகிற கடை. இனகாகி என்று ஒருத்தி நடத்துகிறாள், ஐம்பது வயசிருக்கும், கையுறைக்கு மேலே கையுறை போட்டுக்கொண்டு டப்பா காபி குடிப்பாள்.

“அவகிட்டயா? லைட்டு திருகறவ! கார்புரேட்டரைப் படத்துல பார்த்திருப்பா. நான் கழட்டி மாட்டினதை அவ வந்து மோந்து பார்க்கணுமா?”

“நீ பேசிட்டே இரு” என்று சொல்லிவிட்டு தொமியே சாலையைக் கடந்தே போய்விட்டாள். மணி மூன்று.

இனகாகி டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். எய்கிச்சி மார்பின்மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மிதவை பார்த்தாச்சு. ஊசி பார்த்தாச்சு. ஜெட் பார்த்தாச்சு. இனிமே நீ பார்க்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லண்ணே. சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்” என்றாள் அவள். “ஸ்டார்ட் பண்ணுங்க.”

எஞ்சின் தடதடவென்று இருமியது. இனகாகி வடிகட்டி மூடியின் திருகைக் கழற்றி, மூடியைத் தூக்கி எய்கிச்சி கையிலேயே கொடுத்தாள், தட்டு ஏந்துகிறவன் மாதிரி அவனும் வாங்கிக்கொண்டான். உள்ளே குனிந்து பார்த்தாள். ஒரு விரலை விட்டு எதையோ மெல்லத் தள்ளினாள்.

எஞ்சின் இருமலை நிறுத்தியது. சீராக ஓடியது. விரலை எடுத்தாள், மறுபடி இருமல்.

“சோக் தகடு சாஞ்சு நிக்குதண்ணே. எஞ்சின் இவ்வளவு சூடா இருக்கு, இது பாதி வாயை மூடிட்டு நிக்குது. காத்து எங்கேருந்து வரும்?”

“அதெல்லாம் மேஜைமேல வச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் திறந்துது.”

“மேஜைமேல கேபிள் இருந்துச்சா?”

ஓட்டுநர் முன்னால் இருக்கிற குமிழிலிருந்து தகட்டுக்கு வரும் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எய்கிச்சி பார்த்திருந்தான். திரும்ப மாட்டியதும் வடிகட்டி மூடியை அழுத்தித் திருகிவிட்டான். நான் பார்த்த பிறகு இன்னொரு தரம் எதுக்குப் பார்க்கணும் என்கிற கொழுப்பு.

இனகாகி ஓட்டுநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். குளிரில் ஸ்டார்ட் பண்ண வெளியே இழுத்து, சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டிய சோக் குமிழைக் கட்டை விரலால் தள்ளினாள். அது சுண்டு விரல் அகலத்துக்கு வெளியே நின்றது, உள்ளே போகவில்லை. குமிழுக்குப் பின்னால், தண்டைச் சுற்றி, நாலு தாயத்துகளின் கயிறு. சிவப்பு, வெள்ளை, ஊதா, மறுபடி சிவப்பு. ஜரிகைத் துணிப்பையில் ‘பயணம் பத்திரம்’ என்று தைத்த கோயில் தாயத்துகள். ஒவ்வொன்றும் மூன்று சுற்று சுற்றி, இரட்டை முடிச்சு.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அடுத்தவர் தாயத்தைத் தொட யாருக்கு மனசு வரும்?

“யார் கட்டினது இது?” என்றாள்.

தொமியே தம்பியைப் பார்த்தாள்.

ஐந்து குளிர்காலத்துக்கு முன்னால் பனியில் வழுக்கி இந்தக் கார் பள்ளத்தில் இறங்கியது. தொமியே சிரித்துக்கொண்டே வெளியே ஏறி வந்தாள். எய்கிச்சிதான் ஒரு வாரம் தூங்கவில்லை. அடுத்த புது வருஷத்திலிருந்து கோயில் வரிசையில் நின்று வருஷத்துக்கு ஒரு தாயத்து வாங்கிவந்து கொடுப்பான். “சும்மா வழியில இருந்துச்சு, வாங்கினேன்” என்பான். முன்கண்ணாடியில் தொங்கவிட அவள் போனபோது கையைத் தட்டிவிட்டவனும் அவன்தான். “பார்வையை மறைக்கும், சோதனையில ஆகாது, உனக்கு என்ன தெரியும்” என்று சொல்லிக் குமிழில் தானே கட்டினான். பழசை வருஷா வருஷம் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். “நானே எடுத்துட்டுப் போறேன், நீ தொடாதே” என்றும் சொன்னான். நாலு வருஷமாக எடுக்கவில்லை. சோதனை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான், இரண்டு கயிறு இருந்தபோது போன சோதனை எப்படியோ தப்பித்தது.

“அவிழுங்கண்ணே. மணி மூணேகால்” என்றாள் இனகாகி.

இருக்கையில் மண்டியிட்டு அவிழ்த்தான். அவன் முடிச்சு லேசில் விடுமா? நகம் உடைந்தது. கத்தியை எடுத்தான், தாயத்துக் கயிற்றில் கத்தி வைக்க மனசு வராமல் திரும்ப வைத்தான். பல்லால் இழுத்தான். அறுபத்தாறு வயசு மெக்கானிக், சோக் குமிழைக் கடித்துக்கொண்டு கிடக்கிற கோலத்தை இனகாகி சிரிக்காமல் பார்த்தாள். அந்தச் சிரிக்காததுதான் அவனைக் கொன்றது.

“போன வருஷமே சொன்னேன்டா” என்றாள் தொமியே, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி.

“என்ன சொன்னே?”

“குமிழ் முழுசா உள்ள போக மாட்டேங்குதுன்னு. நூடுல்ஸ் சாப்பிடும்போது. உனக்கு என்ன தெரியும்னே. சரி, நீ கட்டினது, நீ பார்த்துக்கறது, அப்படித்தான் இருக்கணும் போலன்னு விட்டுட்டேன்.”

ஒரு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சிபாவுக்கு மூட்டை கட்ட இருந்தது இந்த நாலு முடிச்சாலும் அந்த ஒரு வார்த்தையாலும். அவளைத் துரத்துகிற வேலையை அவனே முனைந்து செய்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

கடைசி முடிச்சு அவிழ்ந்தது. குமிழ் டக்கென்று உள்ளே போனது.

இனகாகி தன் கடை மீட்டரை இழுத்து வந்தாள். எஞ்சின் இப்போது பெட்ரோல் போதாமல் பட்டினி கிடந்து விக்கியது, அவ்வளவு ஒடுக்கியிருந்தான் அவன். கலவை ஸ்க்ரூவை அவனே ஒன்றரைச் சுற்று வெளியே திருகினான். “இன்னும் கால் சுத்து” என்றாள் லைட்டு திருகறவ. வாயை மூடிக்கொண்டு கால் சுற்று திருகினான்.

மூணே முக்காலுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது வரிசையில் நுழைந்தார்கள். இரண்டு புள்ளி ஒன்று. நிலையத்து ஆள் முத்திரை குத்தி, கும்பிட்டு, “வாழ்த்துகள்” என்றான். எய்கிச்சி அவனுக்குக் குனிந்து கும்பிட்டான். சாலைக்கு அந்தப் பக்கம் போய் இனகாகிக்கு அதைவிட ஆழமாகக் கும்பிட்டான்.

“அடுத்த தடவை கழட்டறதுக்கு முன்னாடி, உள்ள உட்கார்ந்து ஒருதரம் பாருங்கண்ணே” என்றாள் அவள், காபி டப்பாவைக் குலுக்கிக்கொண்டே.

திரும்பும்போது தொமியே ஓட்டினாள். நாலு தாயத்தும் எய்கிச்சி மடியில் கிடந்தன. ஆறின ஒயாகியை இரண்டு பேரும் மென்றார்கள். பாலம் தாண்டின பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

“அக்கா. இந்தக் கார்ல வேற ஏதாவது... சரியா இல்லாத மாதிரி தோணினா சொல்லு.”

தொமியே கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

“வலது பக்கம் திரும்பறப்போ கீழ ஏதோ உரசுது. மூணு வருஷமா” என்றாள். “ஹீட்டர் இடது காலுக்கு வர்றதில்லை. பின் கதவு மழையில ஒழுகுது. பிரேக் மிதிச்சா கீச்சுங்குது, அதையும் ஒருதரம் சொன்னேன். அப்புறம்...”

“பிரேக் கீச்சுன்னா தேஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்லை, உனக்கு என்ன தெரியும்.” அது நாக்கு நுனி வரை வந்தது. எய்கிச்சி ஒயாகியை ஒரு பெரிய கடியாகக் கடித்துக்கொண்டான். வீடு வருகிற வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், அவன் மென்றுகொண்டே கேட்டான்.