ஏழரையின் மரியாதைக் கடிதம்

"அந்தப் பச்சை நோட்டைக் காட்டுங்க சார்."

கேட்டே விட்டாள். கையில் கோப்போடு ஓரமாக நின்ற தலைமை எழுத்தர், தன் வீட்டுப் பீரோவை யாரோ திறந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அவள் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவைத்தவர் அவர்தான். "லீவு கேளு, ஃபேன் கேளு, ஜன்னலோர மேசை கேளு. கெடைக்காது, ஆனா கேளு. பச்சை நோட்டை மட்டும் கேக்கவே கேக்காதே."

"எதுக்கு?" என்றார் அதிகாரி.

"ஏழாம் நிலையத்துப் பாஸ்வேர்டை யார் எடுத்துப் பாத்தாங்கன்னு தெரியணும்."

"டிகிரி," என்றார் தலைமை எழுத்தர் மெல்ல. "வாயைக் கொஞ்சம் சாத்தும்மா."

அலுவலகத்தில் அவள் பெயர் டிகிரிதான். அவள் வீட்டில் எத்தனை தலைமுறை மேலே ஏறிப் பார்த்தாலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அதை முதல் நாள் பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். மறுநாளே அது பெயராகிவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நாளெல்லாம் போர்வை மடிக்கிற அம்மா சொன்னாள், "கூப்பிட்டா கூப்பிடட்டும். வேலை நிரந்தரம் ஆகுற வரைக்கும் வாயில பூட்டு போட்டுக்கோ." அந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே என்று பதினொரு மாதமாக அவள் தேடவே இல்லை. பூட்டே போடவில்லை என்பதுதான் காரணம்.

அவர்கள் வேலை மழையை அளப்பது. பன்னிரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி, ஒரு தொலைபேசி, பச்சை எழுத்து மின்னும் ஒரு திரை. காலை எட்டரைக்கு நிலையத்து ஆள் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணங்களுக்குள் குப்புறப் படுக்க வைப்பார். அது வால் மிதிபட்ட பூனைபோல் கத்தும். கத்தி முடித்தால் மழையின் அளவு தலைமை அலுவலகத் திரையில் வந்து நிற்கும். முன்பு தபாலில் நான்கு நாள் ஆன சங்கதி. அதிகாரி இதில் மயங்கிப்போய்ச் சுற்றறிக்கையே விட்டிருந்தார்: திரையில் வரும் செய்தி, கையெழுத்திட்ட கடிதத்துக்குச் சமம்.

உள்ளே நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சொல் உண்டு. ரகசியச் சொற்கள் அத்தனையையும் பச்சைக் காலிக்கோத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டில் வரிசை எண்ணோடு எழுதி, அதிகாரியின் முத்திரை குத்தி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார் தலைமை எழுத்தர். பீரோவின் சாவி, பீரோவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

"ரகசியம்னா எனக்கு மட்டும்தானே சார் தெரியணும்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நீ லீவு போட்டா?" என்றார் அவர். "நீ செத்துப்போனா?"

"செத்த பிறகு எதுக்கு சார் நான் மழை அளவு அனுப்பணும்?"

 அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். எடுத்தவர், எடுத்த நேரம், காரணம், கையெழுத்து, திருப்பிய நேரம் என்று கோடு போட்ட கட்டங்கள். "சாவி ஆணியில தொங்கலாம். ஆனா ஆண்டவனே வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்காம இந்த நோட்டு வெளிய வராது. பீரோவுக்கு முன்னாடி உக்காந்திருக்கறது நான்."

ஏழாம் நிலையம் மலைமேல் இருந்தது. அங்கே வேலை பார்த்தவரை அலுவலகம் ஏழரை என்று அழைத்தது. யாரும் பார்த்ததில்லை, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வாய் மட்டும் தெரியும். உதவியாளர் வேண்டும் என்று அந்த நிலையத்துக்கு ஒட்டிய அறிவிப்பு இரண்டு வருடமாகப் பலகையில் வெளுத்துக்கொண்டிருந்தது. போனவனுக்கு ஏழரை பிடித்துவிடும் என்று ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

அவள் சேர்ந்த முதல் மாதம் ஏழாம் நிலையத்திலிருந்து தொள்ளாயிரம் மில்லிமீட்டர் மழை என்று செய்தி வந்தது. அதிகாரி வெள்ள எச்சரிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார். உண்மையில் அன்று மலையில் துவைத்த துணி அரைமணியில் காய்ந்தது. ஐந்தாம் நிலையத்து ஆள் ஒருவன், ஏழரையின் ரகசியச் சொல் வெறும் 'ஏழு' என்று ஊகித்து உள்ளே நுழைந்து விளையாடியிருக்கிறான். அவனுக்கு ஒரு வாரச் சம்பளம் போனது. டிகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் தெரிகிற பெயரை நம்பி ஒரு ஊரையே கிளப்பிவிட இருந்தார்களே.

அன்று ஏழரைக்கு எழுதினாள்: பாஸ்வேர்டை மாத்து. அதோட, தினமும் என்னை ஒரு வார்த்தை திட்டு. மறுநாள் நான் கேப்பேன், நேத்து நீ என்னை என்னன்னு திட்டினேன்னு. சரியாச் சொன்னாத்தான் உன் மழையை எழுதுவேன்.

பதில் உடனே வந்தது: இதுக்குத்தான் படிச்சியா எருமை. நீயும் திட்டு, நானும் கேப்பேன்.

இப்படி ஆரம்பித்தது. அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்திலேயே தமிழில் திட்டிக்கொண்டார்கள். சில வசவுகள் வழியில் கால் உடைந்து, என்ன வசவு என்றே தெரியாமல் வந்து சேரும். அதற்கு விளக்கம் கேட்டு இன்னும் இரண்டு வாங்கிக்கொள்வாள். ஊறாத பருப்பு, ஓட்டை மழைமானி, மூடி தொலைந்த பேனா. எட்டரை மணிக்காக எட்டு மணியிலிருந்தே அவளுக்குச் சிரிப்பு வரும்.

முந்தாநாள் பதினொன்று இருபத்தைந்துக்கு ஏழாம் நிலையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கோப்பில் சேர்க்கச் சொல்லி நேற்றுக் காலைதான் அதிகாரி அவளிடம் கொடுத்தார். "மேன்மைமிகு ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு. உடல்நிலை காரணமாக எனது பணியிலிருந்து விலகிக்கொள்ளப் பணிவன்புடன் வேண்டுகிறேன். தங்கள் கீழ்ப்படிந்துள்ள ஊழியர்." கீழே அதிகாரியின் கையெழுத்து: ஏற்கப்பட்டது.

அவள் அதை மூன்று முறை படித்தாள். ஏழரையின் தலையில் துப்பாக்கி வைத்தாலும் முதலில் துப்பாக்கியைத் திட்டிவிட்டுத்தான் எழுதுவார். மேன்மைமிகுவாம். கீழ்ப்படிந்துள்ளவாம். எழுத்துக்கு எழுத்து மரியாதை சொட்டுகிறது. இது பொய்.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வாரம் அதிகாரியின் மச்சினன் மகன் அலுவலகத்துக்கு வந்து, ஏழாம் நிலையத்தில் குடியிருக்க வீடு தருவார்களா, தண்ணீர் வசதி எப்படி என்று ஆளாளுக்கு விசாரித்துவிட்டுப் போயிருந்தான்.

தன் மேசை ரப்பர் கிண்ணத்திலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, ஏழாம் நிலையத்து எண்ணைச் சுழற்றினாள். பதினொரு மாதமாக மிஷினின் காதில் வைத்ததை முதல்முறையாகத் தன் காதில் வைத்தாள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். அவள் அம்மா வயதிருக்கும்.

"நேத்து நான் உங்களை என்னன்னு திட்டினேன்?"

"வெயில்ல வச்ச ஐஸ் கட்டின்னே." குரல் நின்றது. "ஆனா அவ என்னை நீன்னுதான் சொல்லுவா. நீங்க யாரு?"

டிகிரி விழுந்து விழுந்து சிரித்தாள். மரியாதை கொடுத்தால் ஆளே மாறிவிட்டது என்று அர்த்தம். "நான்தான். நீ என்னை உடைஞ்ச ஸ்கேலுன்னு சொன்னே."

"ஓ, நீதானா எருமை. காலையிலேருந்து மிஷின் என்னை உள்ள விடமாட்டேங்குதுடி. பேரே தெரியாதுங்குது. உங்க ஆளுங்க எதையாவது கழட்டிட்டாங்களா?"

"உன்னைத்தான் கழட்டிட்டாங்க. நீ ராஜினாமா பண்ணிட்டியாம்."

 அந்தக் குரல் முதல்முறையாகத் திட்டாமல் பேசியது. "என் ரெண்டு பொண்ணும் படிக்கறது இந்த வேலையிலதான். நான் எப்படி விடுவேன்?"

டிகிரிக்கு அதுதான் தாங்கவில்லை. ஏழரை திட்டாமல் பேசுவதா.

நேற்று முழுக்க அவள் செய்த காரியங்களை அதிகாரி அறியமாட்டார். இன்று காலை பத்து மணிக்கு அவர் எதிரே வந்து நின்று கேட்டாள், அவ்வளவுதான்.

"அந்த நோட்டு ரகசியம்," என்றார் அதிகாரி இப்போது.

"ரகசியம்னா அது எப்படி சார் வெளிய போச்சு? அந்தப் பாஸ்வேர்டு ரெண்டு இடத்துலதான் இருக்கு. ஒண்ணு அவங்க தலையில, இன்னொண்ணு நோட்டுல. அவங்க தலை மலையிலதான் இருக்கு. நான் விசாரிச்சுட்டேன்."

"ராஜினாமா திரையில வந்தது. திரையில வந்தா கையெழுத்துக்குச் சமம். போய் வேலையைப் பாரு."

அவள் அதிகாரியை விட்டுவிட்டாள். தலைமை எழுத்தர் பக்கம் திரும்பினாள். பதினொரு மாதம் தினமும் திட்டிப் பழகிய வாய் அது. யாரை எங்கே தொட்டால் துள்ளுவார் என்று அதற்குத் தெரியும்.

"சாரைச் சொல்லிக் குத்தமில்ல. சாவி ஆணியில தொங்குது. எவனோ வந்து கையெழுத்தே போடாம நோட்டை எடுத்துட்டுப் போயிருக்கான். பீரோவுக்கு முன்னாடி உக்காந்திருந்தவருக்கு அப்போ கண் அசந்திருக்கும், பாவம்."

"யாருக்குக் கண் அசந்தது?" என்றார் தலைமை எழுத்தர்.

"வயசாகுதுல்ல."

"என் நோட்டு கையெழுத்தில்லாம வெளிய வந்துச்சா? இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு குண்டூசி கணக்கில்லாம போனதில்ல என்கிட்ட."

"விடுங்க, விடுங்க," என்றார் அதிகாரி அவசரமாக. "சின்னப் பொண்ணு ஏதோ—"

தலைமை எழுத்தர் அறையில் இல்லை. பீரோ கதவு கிறீச்சிடும் சத்தம் வந்தது. நோட்டோடு திரும்பினார், கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார், பேனாவை அவளிடம் நீட்டினார்.

"முதல்ல கையெழுத்து போடு. அப்புறம் பாரு."

அவள் போட்டாள். எடுத்த நேரம் பத்து பத்து, காரணம் 'திட்டு வாங்க' என்று எழுத நினைத்து, 'சரிபார்க்க' என்று எழுதினாள். தன் கையெழுத்துக்கு மேல் வரியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது.

"முந்தாநாள். பதினொன்னு பத்து. காரணம், பார்வைக்கு. கையெழுத்து..." நோட்டை அதிகாரி பக்கம் திருப்பினாள். "உங்களோடது சார்."

அதிகாரிக்கு அது நினைவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருபது வருடமாகத் தலைமை எழுத்தர் எந்தத் தாளில் விரல் வைக்கிறாரோ அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. ஒரு பெண்ணின் வேலையைத் திருட நோட்டை எடுக்க வந்த அன்றும், விரலைப் பார்த்ததும் அது போட்டுவிட்டது.

"சும்மா பாத்தேன்," என்றார்.

"பதினொன்னு இருபத்தஞ்சுக்கு ராஜினாமா வந்திருக்கு," என்றாள் அவள்.

"பதினொன்னு முப்பத்தஞ்சுக்குத் திருப்பிக் குடுத்தீங்க சார்," என்றார் தலைமை எழுத்தர். ஒவ்வொரு சொல்லாக இறங்கியது. "நான்தான் நேரம் எழுதினேன். அந்த இருபத்தஞ்சு நிமிஷம் நோட்டு உங்க மேசையில இருந்தது. மிஷின் ஒண்ணு உங்க மேசையிலயும் இருக்கு."

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போட்டும் அவர்கள் போகவில்லை.

தலைமை எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலு வரி எழுதினார். முந்தாநாள் வந்த ராஜினாமா செய்தி ஏழாம் நிலையத்து ஊழியர் அனுப்பியதல்ல, ஏற்பு ரத்து, அவர் பணியில் தொடர்கிறார். அதிகாரியின் முன் வைத்து அடியில் விரலை ஊன்றினார். கை தானாகவே போய்க் கையெழுத்துப் போட்டது.

"இன்னிலேருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்தச் சொல்லணும்," என்றார் தலைமை எழுத்தர், குரல் இன்னும் ஆறாமல். "புதுசா எழுதிக்கறேன்."

"மாத்தியாச்சு. நேத்தே பன்னண்டு நிலையத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க, எனக்கும் சொல்லாதீங்கன்னு."

"அப்ப நோட்டுல நான் என்னத்த எழுதறது?"

"மழையை எழுதுங்க."

அவர் முறைத்தார். முறைத்த வேகத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு தப்பியது. அதைப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டார்.

அதிகாரிக்கு இப்போதுதான் கோபம் கிடைத்தது. "ரொம்பத் துள்ளாதே. உன்னை நிரந்தரமாக்கற ஆர்டர் என் டிராயர்லதான் கெடக்கு, தெரியுமா?"

"கெடக்கட்டும் சார். பூட்டி வைங்க. சாவியை மட்டும் ஆணியில மாட்டாதீங்க."

"உன்னை மலைக்கே அனுப்பறேன் பாரு. அந்த ஏழரைகூடவே கெடந்து சாவு."

"பேப்பர்வெயிட்டைத் தூக்குங்க சார்."

தூக்கினார். அதன் கீழே காலையில் அவள் வைத்துவிட்டுப் போன தாள் இருந்தது. ஏழாம் நிலைய உதவியாளர் பணியிடத்துக்கு மாற்றல் கோரும் விண்ணப்பம். தலைமை எழுத்தர் குனிந்து படித்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அடியில் விரலை ஊன்றினார். கை மறுபடியும் போய்ப் போட்டது. போட்ட பிறகுதான் அதிகாரி, தான் போட்டதைப் பார்த்தார்.

"தேங்க்ஸ் சார்," என்றாள்.

மேசைக்குக் கீழே அவள் பை தயாராக இருந்தது. நேற்று மாலை அம்மாதான் அடுக்கினாள். வேலை நிரந்தரமாகிற நேரத்தில் மலைக்குப் போகிறாளாம், கொழுப்பு, திமிர், யார் வயிற்றில் பிறந்தாளோ என்று ஒவ்வொரு துணிக்கும் ஒரு திட்டு வைத்து, மலையில் குளிரும் என்று கெட்டிப் போர்வை ஒன்றை ஆஸ்பத்திரி மடிப்பில் கச்சிதமாக மடித்து மேலே வைத்தாள். அந்த வீட்டிலும் திட்டுதான் அடையாளம்.

"டிகிரி," என்று வாசல்வரை வந்தார் தலைமை எழுத்தர். "அங்க போயாவது வாயை அடக்கு."

"அடக்கினா அவங்க என்னை உள்ளயே விடமாட்டாங்க சார்."

படியிறங்கினாள். பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. மலையேற நாலு மணி நேரம். கதவைத் திறந்ததும் நேருக்கு நேர் என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். நல்லதாக ஒன்று தோன்றியது. அதைச் சொல்லிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தாள். எதிரே வந்த ஆள் வழிவிட்டு ஒதுங்கினான்.