பின்னோக்கிச் சுற்றிய வளையங்கள்

கால இயந்திரம் என்று பெயர் மட்டும் பிரமாதம். உள்ளே ஓடியதோ துணி துவைக்கும் மெஷினின் பழைய மோட்டார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அலுமினிய வளையங்கள், விளிம்பெல்லாம் நீல விளக்கு. சுழலவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நூறு வருஷம் தாண்டிவிட்டதாக நம்பிவிடுவார்கள். சினிமாவில் காலம் அவ்வளவுதான், எதையாவது சுற்றினால் சரி.

செய்தவள் அக்கா. அரங்கப் பொருள்கள் செய்வதில் கெட்டிக்காரி, வீம்பிலும் கெட்டிக்காரி. நாயகிக்குத் தலைசுற்றல் என்று அவளுக்குப் பதிலாக உள்ளே உட்கார வந்த டூப்பைப் பார்த்ததும் அக்காவுக்குத் திக்கென்றது. வந்தவள் சொந்தத் தங்கை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வெளியூர்ப் படப்பிடிப்பை விட்டு வராதவள். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்தபின் வந்து நின்றவளை, "இனி என் மூஞ்சில முழிக்காதே" என்று அக்கா வாசலிலேயே விரட்டியிருந்தாள். விரட்டிய வாய்க்குத் திரும்பக் கூப்பிட வரவில்லை. தங்கையாக வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று ஏங்கித்தான் கிடந்தாள், பாவி மகள்.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமலே இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினாள்.

வளையங்கள் சுழன்றன. நீல ஒளி தங்கையின் முகத்தில் அலையலையாய் ஓடியது. அக்கா கேமராவின் திரையைப் பார்த்தாள். அதில் வளையங்கள் மெல்ல நின்றன. பிறகு, தூக்கத்தில் புரள்வதுபோல், பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தன.

"எதிர்காலத்துக்குப் போறவ பின்னாடி போறாளே!" என்று டைரக்டர் கத்தினார்.

"நிஜத்துல முன்னாடிதான் சுத்துது, கேமரா கண்ணுக்கு அப்படித் தெரியுது சார். வேகத்தைக் கொஞ்சம் மாத்தினா சரியாயிடும்" என்றார் ஒளிப்பதிவாளர்.

வேகத்தை மாற்றும் குமிழ் அக்காவின் கையில்தான் இருந்தது. அவள் திருகவில்லை. திரையில் காலம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நடுவே தங்கை, பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் சின்னப் பெண்ணாய்த் தெரிந்தாள்.

"என்னக்கா ஆச்சு?" உள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்னாடி சுத்துதுடி."

வளையங்களுக்கு நடுவிலிருந்து தங்கை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா படுத்தாங்கள்ல, அதுக்கு முந்தின நாள்ல நிறுத்துக்கா. நான் பஸ் ஏறி வந்துடறேன்."

அக்கா மோட்டாரை நிறுத்தினாள். டைரக்டர் குதித்தார்; குதிக்கட்டுமே! வளையங்கள் நின்றதும் நிற்காததுமாக ஓடிப்போய்ப் பட்டையை அவிழ்த்தாள். தங்கை தள்ளாடி எழுந்து அவள் தோளில் சாய்ந்தாள்.

"தலை சுத்துதுக்கா."

"சுத்தட்டும். வந்துட்டல்ல."